பாக்கு என்றே எழுதுங்கள்

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடு. விஷயம் முடிஞ்சுது."

மேனேஜர் காகிதத்தை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். தள்ளிய கையாலேயே இழுப்பறையைத் திறந்து வாசனைப் பாக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்தார், பல்லால் கிழித்தார், தலையை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில், 'பணிமனை வளாகத்தில் வெற்றிலை, பாக்கு மெல்லுவதோ துப்புவதோ கூடாது' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டச் சொன்னவரும் அவர்தான்.

"என்ன எழுதியிருக்கு சார்?"

"பெருசா ஒண்ணுமில்ல. முதல் நாள் வேலைக்கு வந்தப்ப உடம்பு சரியில்லாம மயக்கம் வந்துது, அதனால வண்டி எடுக்க முடியலன்னு எழுதியிருக்கு."

"என் உடம்பு நல்லா இருக்கு சார்."

"இன்னைக்கு நல்லா இருக்கு. நேத்து?"

"நேத்தும் நல்லாத்தான் இருந்துது. பாக்கு போட்டேன். தலை சுத்திச்சு. அவ்வளவுதான்."

மேனேஜர் சிரித்தார். வாயில் பாக்கு இருக்கிற ஆள் சிரிக்கும்போது உதடு திறக்காது; கன்னம்தான் உப்பும்.

"பாக்கு போட்டா யாருக்காவது தலை சுத்துமா? நானுந்தான் போடறேன். சுத்துதா பாரு."

"நீங்க போடறது பொட்டலத்துல வர்றது சார். எனக்குக் கிடைச்சது பச்சைப் பாக்கு."

"யாரு குடுத்தாங்க?"

அவள் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டே. சரி. அப்ப அந்தக் கதைக்குச் சாட்சி இல்ல. ஊதிப் பாத்தாச்சு, நீ குடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. அதுல எனக்கும் சந்தோஷம். மிச்சம் என்ன இருக்கு? மயக்கம். பொம்பளைங்களுக்கு வர்றதுதானே! என் வீட்டுக்காரிக்கும் வரும். அதுக்காக உன்னை வேலையை விட்டா தூக்கறேன்? டிக்கெட் கவுன்டர்ல உக்கார வைக்கறேன். அதே சம்பளம். நிழல். ஃபேன்."

"ஸ்டியரிங் இருக்கா சார்?"

மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த டைப் அக்காவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு மறுபடியும் ஓடின.

"இந்த வாய்தான் உனக்கு ஆகாது. நாளைக்குக் காலையில வா. கையெழுத்துப் போட்டா கவுன்டர். போடலன்னா மெடிக்கல் செக்கப்புக்கு எழுதிப் போடுவேன். அது எப்ப வரும், எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் வண்டி கிடையாது. யோசிச்சுக்கோ."

அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்ட வந்த முதல் பெண் அவள். அண்ணனின் லாரியில் கை பழகி, பள்ளிக்கூட வேன் ஓட்டி, கனரக உரிமம் வாங்கி, தேர்வு மைதானத்தில் முழு நீளப் பேருந்தைப் பின்னோக்கி வளைத்துக் காட்டி வந்து சேர்ந்தவள். ஆள் கொஞ்சம் குள்ளம். சீட்டில் போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு திண்டு கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததுதான் தாமதம், பெயர் வைத்துவிட்டார்கள்: திண்டு. "திண்டு வந்தாச்சா?", "திண்டுக்கு எந்த வண்டி?" என்று டிரைவர்கள் பேசிக்கொள்வது அவள் காதில் விழும். விழட்டும் என்றுதான் பேசுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிய டிரைவர் முதல் வண்டியை எடுக்குமுன், இருப்பவர்களில் மூத்தவர் அவர் கையில் ஒரு வெற்றிலை மடிப்பு கொடுப்பார். உள்ளே சுண்ணாம்பும் பச்சைப் பாக்கும் இருக்கும். காய்ந்த சீவல் மெல்லுகிறவர்களுக்கே பச்சைப் பாக்கு கொஞ்சம் ஏறும். பழக்கமில்லாத ஆளுக்குக் கேட்கவே வேண்டாம். காது சுடும், நெற்றி வியர்க்கும், கால் தரையில் பாவாது. புது டிரைவர் ஓய்வறைப் பெஞ்சில் சாய்வார். மற்றவர்கள் துண்டால் விசிறுவார்கள், சிரிப்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அநேகமாக எல்லோரும் அந்தப் பெஞ்சில் சாய்ந்து எழுந்தவர்கள்தான். தன் கல்யாணக் கதையைச் சொல்வதுபோல் அதை ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஒருவருக்கும் மயக்கம் என்று யாரும் எதிலும் எழுதியதில்லை.

மூத்தவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் சும்மா பேசினாலே அடுத்த பிளாட்பாரத்தில் ஆட்கள் ஒதுங்குவார்கள்.

முந்தின நாள் காலையில் அவர்தான் அவளை நிறுத்தினார்.

"என்னம்மா திண்டு, கையை நீட்டு."

"என்ன அண்ணே இது?"

"பாக்கு. முதல் வண்டி எடுக்கறவங்க போட்டே ஆகணும். இங்க வழக்கம்."

"எனக்குப் பழக்கமில்லண்ணே."

"நாங்க மட்டும் வாயில பாக்கோடவா பொறந்தோம்? சரி, வேணாம்னா விடு. டேய், விட்டுடுங்கடா. பொம்பளைப் பிள்ளை, பாவம், தாங்காது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கையை நீட்ட வைத்தது. வாங்கினாள், வாயில் போட்டாள், அவர்கள் கண்ணெதிரே மென்றாள், வண்டியில் ஏறினாள்.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்ஜினைப் போட்டாள். அப்போதுதான் காதுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் சுட்டது. கழுத்தில் வியர்வை இறங்கியது. பக்கக் கண்ணாடியில் நின்ற ஆள் இரண்டாகத் தெரிந்தார். கண்ணைக் கசக்கினால் ஒன்றானார், விட்டால் மறுபடி இரண்டானார். அவள் என்ஜினை நிறுத்தினாள். சாவியை உருவினாள். இறங்கிப் போய்க் கண்டக்டர் கையில் வைத்தாள்.

"என்னால இப்ப ஓட்ட முடியாது. வேற ஆளைக் கூப்பிடுங்க."

"என்னம்மா, முதல் நாளே..."

"முதல் நாளோ கடைசி நாளோ, ஓட்ட முடியலன்னா முடியலதான். கூப்பிடுங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் இருந்த யாரும் வந்து விசிறவில்லை. மேனேஜர் ஓடி வருவதைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கழிப்பறைப் பக்கம் நழுவினார்கள். ஹாரன் முதலில் நழுவினார்.

வீட்டில் கணவர் தரையில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் பரப்பியிருந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர்; வீட்டு முன்னறைதான் பட்டறை. மாமியார் சன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். 

"கவுன்டரா?" என்றார் கணவர். "கேட்டா கெட்ட விஷயமாத் தெரியலியே. வெயில்ல காய வேண்டாம். ரோட்ல கண்டவன்கிட்ட பேச்சு வாங்க வேண்டாம்."

"ம்ம்... ம்ம்," என்றார் மாமியார். வாய் நிறையச் சாறு. முகவாயைக் கூரைப்பக்கம் தூக்கிக்கொண்டு, கையால் ஃபேனைக் காட்டினார், பிறகு உட்காருவதுபோல் காட்டினார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஃபேனுக்கு அடியில உக்காந்த இடத்துல வேலைன்னு சொல்றாங்க," என்றாள் அவள். "அத்தை, வண்டி ஓட்டறதும் உக்காந்த இடத்து வேலைதான்."

"ம்ம்!"

"எதுக்கு வீம்பு?" என்றார் கணவர். "மயக்கம்னு ஒரு வார்த்தை. எழுதிட்டுப் போகட்டும். உடம்புல ஒட்டிக்கவா போகுது?"

"ஒட்டிக்கும். நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா அங்க ஒட்டிக்கும். வேற டெப்போவுக்குக் கேட்டா அங்க ஒட்டிக்கும். எனக்குப் பின்னாடி எவளாவது டிரைவர் வேலைக்கு வந்தா, 'முன்னாடி ஒருத்தி வந்தா, முதல் நாளே மயங்கி விழுந்தா'ன்னு அவ மேலயும் ஒட்டிக்கும். இப்ப சொல்லுங்க. உங்ககிட்ட ஒரு மோட்டார் சூடாகி நின்னுபோய் வருது. என்ன பாப்பீங்க?"

"காயில் பாப்பேன்."

"காயில் நல்லா இருக்கு."

"அப்ப கரண்ட் அதிகமா வந்திருக்கும்."

"மோட்டாரே பலவீனம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எதுக்கு எழுதணும்? தப்பு மோட்டார்ல இல்லியே."

"அதைத்தான் சொல்றேன். மோட்டார் நல்லா இருக்கு. ஏத்தினது அதிகம்."

கணவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரால் காதைச் சொறிந்தார். 

மாமியார் எழுந்துபோய்த் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு நேரம் அடக்கிவைத்த பேச்சு மொத்தமாக வந்தது.

"ஏண்டி, பச்சைப் பாக்கா குடுத்தான்?"

"ஆமா அத்தை."

"சாறை என்ன பண்ணினே?"

"முழுங்கினேன்."

"முழுங்கினியா! அடிப் பாவி! பச்சைப் பாக்குச் சாறை எவளாவது முழுங்குவாளா? துப்பணும்டி!"

"துப்பக்கூடாதுன்னு சுவர் பூரா எழுதிப் போட்டிருக்காங்க அத்தை. புது யூனிஃபார்ம் வேற. எங்க போய்த் துப்பறது?"

மாமியார் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"போர்டைப் படிச்சு நடந்தவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்டி. அதான் மாட்டிக்கிட்டே."

"அப்ப நான் கையெழுத்துப் போடணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

"போட்டுத் தொலை. நிம்மதியா இரு."

"மாட்டேன் அத்தை."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?"

"கேக்கலன்னா அதுக்கும் கோவிச்சுக்குவீங்களே."

மறுநாள் காலையில், மேனேஜர் அறைக்குப் போகுமுன், அவள் ஓய்வறைக்குப் போனாள். ஹாரன் பெஞ்சில் காலை நீட்டிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வெற்றிலையைப் பைக்குள் மறைத்தார்.

"அண்ணே, நான் உங்க பேரை இன்னும் சொல்லல."

"நல்ல பொண்ணு."

"நீங்களே வந்து சொல்லணும்."

"என்னன்னு?"

"'நான்தான் குடுத்தேன், இங்க எல்லாருக்கும் குடுக்கறதுதான், எல்லாருக்கும் தலை சுத்தும்'னு."

ஹாரனின் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாழ்ந்து கேட்டது. "எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குதும்மா. தடை போட்டிருக்காங்க. மெமோ வாங்கிட்டு வீட்டுக்குப் போகவா? நீ கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா கவுன்டருக்குப் போயேன். நாங்க எல்லாம் உன்கிட்டதான் சில்லறை வாங்குவோம்."

"உங்களுக்கு மெமோவே ஆகாது. எனக்கு மட்டும் வண்டியே போகலாமா?"

அவர் பைக்குள் இருந்த வெற்றிலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சரி அண்ணே. சொல்ல வேணாம். வந்து நில்லுங்க. வேடிக்கையாவது பாருங்க. விசிறத்தான் வரல."

அது அவரைக் குத்தியிருக்க வேண்டும். எழுந்தார்.

பணிமனை வாசலில் ஒரு பாக்குக் கடை. கடைக்காரி பலகைமேல் பச்சைப் பாக்கைப் பிளந்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹாரன் அண்ணன் என்ன வாங்கிட்டுப் போவாரோ, அதுவே குடு."

"உனக்கா? முந்தாநாள் படியில உக்காந்திருந்தது நீதானே? மறுபடியுமா?"

"எனக்கில்ல. மேனேஜருக்கு."

கடைக்காரி வெட்டிய பாக்கைத் திருப்பி வைத்துவிட்டு, கூடையின் அடியிலிருந்து வேறு எடுத்தாள். "அப்ப நல்லதாவே பாத்துத் தர்றேன்."

மேனேஜரின் மேசைமேல் அவள் வெற்றிலை மடிப்புகளை வைத்தாள். ஹாரன் கதவோரம் நின்றுகொண்டார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எனக்கு விருந்தா?"

"சாட்சி சார். நேத்து இல்லன்னீங்களே. இதுல ஒண்ணைப் போட்டு, சாறை முழுங்கிப் பாருங்க. தலை சுத்துதா இல்லியான்னு நீங்களே சொல்லுங்க."

"விளையாடறியா?"

"நேத்து நீங்கதானே சார் கேட்டீங்க, பாக்கு போட்டா யாருக்காவது தலை சுத்துமான்னு."

மேனேஜர் ஹாரனைப் பார்த்தார். ஹாரன் மேற்கூரையைப் பார்த்தார். டைப் அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள்.

"சரி, உன் ஆசையும் தீரட்டும்," என்று மேனேஜர் ஒரு மடிப்பை எடுத்து வாயில் போட்டார். "எத்தனை வருஷமா மெல்லுற வாய் இது! என்கிட்டயே பாக்குக் கதை!"

எல்லோரும் காத்திருந்தார்கள். மேனேஜர் மென்றார். சாறை விழுங்கினார். ஒரு கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த கோப்பை எடுத்தார். அதிலும் போட்டார், எழுத்துக்கூட ஆடவில்லை. நெற்றி காய்ந்த தரைபோல் இருந்தது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. துவர்ப்புக்கூட நல்லாத்தான் இருக்கு." காகிதத்தை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார். "போதுமா? இப்ப போடு."

அவருடையது பழகிய வாய் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. பேனா காகிதத்தின் மேலேயே கிடந்தது. அதை எடுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போட மாட்டேன் சார்."

"இன்னும் என்னம்மா?"

மூலையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சார், கொஞ்சம் இருங்க," என்றாள் டைப் அக்கா. எழுந்து மேசைக்கு வந்தாள். "உங்க வாய் பழகின வாய். அதுல போட்டுப் பாத்தா என்ன தெரியும்? பழகாத வாய் ஒண்ணு வேணும்."

"அக்கா, வேணாம்," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. இந்த ரூம்ல இத்தனை வருஷமா வாசனை மட்டும்தான் பிடிச்சிட்டிருக்கேன். ஒருநாள் ருசியும் பாத்துடறேன்." மடிப்பை எடுத்தாள், வாயில் திணித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "ஐயோ, என்ன இது! மரக்கதவைக் கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா எல்லாரும் உயிரை விடறீங்க?"

"சாறை முழுங்கணும் அக்கா."

"முழுங்கறேன், முழுங்கறேன். வேற எங்க துப்பறது? அந்த நோட்டீஸை டைப் அடிச்சவளே நான்தானே."

தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மேனேஜர் பேனாவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அப்போது டைப் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடியும் கழற்றினாள்.

"சார்."

"என்ன?"

"நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. ரெண்டு பேரும் பேனாவை நீட்டறீங்க."

காது மடல் சிவந்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"சார், உங்க சட்டைப் பையில எப்பவும் ஒரு சிவப்புக் கறை இருக்கும். இங்க்னு சொல்லுவீங்க. நாங்களும் இங்க்னு நம்பற மாதிரியே இருப்போம். உங்க பேனா எல்லாமே நீலம் சார்!"

மேனேஜரின் கை தானாகப் பையை மூடியது.

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹாரனால் பொறுக்க முடியவில்லை. தன் கதையை யாரோ தன்முன்னேயே நடித்துக் காட்டினால் எப்படிச் சும்மா இருப்பது? குரல் பழையபடி முழுசாக வந்தது.

"அதான்! அதேதான்! காது சுடுதா அக்கா?"

"சுடுதுண்ணே. தோசைக்கல்லு மாதிரி சுடுது."

"கால் இருக்கா?"

"இருந்த இடம் தெரியுது."

"எனக்கும் முதல் நாள் அப்படியேதான்! ஆனா நான் இறங்கினேனா? இறங்கலியே! எல்லாரும் பெஞ்சில சாஞ்சுட்டுப் போடான்னாங்க. நான் ஆம்பளைடான்னு அதே சுத்தலோட வண்டியை எடுத்தேன். ரோடு ரெண்டாத் தெரியுது. நடுவுல விட்டேன்! பாலத்து மேல ஏத்தினேன், இறக்கினேன், ஒரு கீறல் கிடையாது!"

ஹாரன் சிரித்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகமும் சிரிக்கவில்லை. டைப் அக்காகூட நிறுத்திவிட்டாள்.

"அண்ணே," என்றாள் அவள், "அன்னைக்கு வண்டியில ஆளுங்க இருந்தாங்களா?"

"ஃபுல்..." என்றார் ஹாரன். அந்த வார்த்தையின் பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ரோடு ரெண்டாத் தெரிஞ்சும் ஃபுல் வண்டியைப் பாலத்து மேல ஏத்தினவர் இன்னைக்கும் சீட்ல இருக்கார். கண்ணாடியில ஒரு ஆள் ரெண்டாத் தெரிஞ்ச உடனே என்ஜினை நிறுத்தி, சாவியைக் குடுத்துட்டு இறங்கினவ நான். நான் கவுன்டருக்குப் போகணும். அப்படித்தானே சார்?"

மேனேஜர் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருப்பதை என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கினார்.

"இங்க பாரும்மா. மயக்கம்கிறதை வேணா எடுத்துடலாம். உணவு ஒத்துக்கலன்னு போட்டுடலாம்."

"பாக்கு உணவா சார்?"

"வயித்துக் கோளாறு?"

"வயிறு நல்லா இருக்கு."

"வேற என்னதான் எழுதச் சொல்றே?"

"பாக்குன்னே எழுதுங்க. தடை இருக்கற இடத்துல பாக்கு போட்டேன். அது என் தப்பு. அவங்க சிரிச்சதுக்காகப் போட்டேன், அது அதைவிடத் தப்பு. அதுக்கு என்ன மெமோவோ குடுங்க, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன். தலை சுத்தினதும் வண்டியை விட்டு இறங்கினேன்னும் எழுதுங்க. மயக்கம், உடல்நலக் குறைவு, பொம்பளை, இந்த மூணும் அதுல இருக்கக் கூடாது."

"பாக்குன்னு எழுதினா, யாரு குடுத்ததுன்னு மேல இருந்து கேப்பாங்க."

அவள் ஹாரனைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னாடி, அவ்வளவு சத்தமா குடுத்தாங்க சார். அந்தச் சத்தம் இந்த அறைக்குள்ள வராதான்னு நானும் ரெண்டு நாளாக் காத்துட்டிருக்கேன்."

ஹாரன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் சார் குடுத்தேன். எழுதிக்கோங்க."

"யோசிச்சுப் பேசறீங்களா?"

"பேசிட்டேனே சார், இனிமே என்ன யோசிக்கறது?"

மேனேஜர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அப்புறம், இந்த டெப்போவுல வேற யார் யார் போடறாங்கன்னும் கேப்பாங்க. தெரியுதா? எல்லாருக்கும் தலைவலி."

"அதையும் எழுதிடலாம் சார்," என்றாள் டைப் அக்கா, விரல்களை விசைப்பலகைமேல் தேடித் தேடி வைத்துக்கொண்டு. "மேல இருந்து வரிசையா ஆரம்பிக்கவா?"

மேனேஜர் இழுப்பறையைப் பார்த்தார். முழங்காலால் அதை உள்ளே தள்ளி மூடினார். பழைய காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழித்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி வாயில் இருந்ததை அதிலேயே துப்பிச் சுருட்டிக் கூடையில் போட்டார். நான்கு பேரும் பார்த்தார்கள் என்று சொல்லலாம், அவரையும் சேர்த்தால்.

"அடிங்க," என்றார்.

டைப் அக்கா அடித்தாள். இரண்டு எழுத்து அடிப்பதும் ஒரு எழுத்து அழிப்பதுமாக, கண்ணைத் திரையோடு ஒட்டிக்கொண்டு அடித்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். ஹாரனே போய்க் கொண்டு வந்தார். பக்கத்தில் நின்று ஒரு கோப்பால் விசிறவும் விசிறினார்.

"விசிறத் தெரியுமே உங்களுக்கு," என்றாள் அவள்.

"கொல்லாதம்மா."

அச்சடித்து வந்த காகிதத்தை அவள் நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"'லேசான அசதி ஏற்பட்டதால்'. இது யாரு சேர்த்தது?"

"நான் சொன்னேன்," என்றார் மேனேஜர். "படிக்கறதுக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு..."

"எனக்கு அசதி இல்ல சார்."

"எடுத்துடுங்க," என்றார் மேனேஜர், டைப் அக்காவிடம். குரலில் இருந்த அசதி அவருடையது.

மறுபடியும் அச்சடித்தார்கள். மறுபடியும் படித்தாள். 'தலை சுற்றியதும் வண்டியை நிறுத்திச் சாவியை ஒப்படைத்தார்; வளாகத்தில் பாக்கு மென்றதற்காக எச்சரிக்கப்படுகிறார்' என்று அவள் பெயரில் ஒன்று. 'பணி தொடங்கும் வேளையில் சக ஊழியருக்குப் பாக்கு வழங்கியதற்காக எச்சரிக்கப்படுகிறார்' என்று ஹாரன் பெயரில் ஒன்று. அவள் கையெழுத்துப் போட்டாள். ஹாரன் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல் எல்லாப் பைகளையும் தடவிவிட்டு, கடைசியில் கண்ணாடி இல்லாமலே போட்டார்.

"எந்த வண்டி சார்?" என்றாள்.

"அன்னைக்கு எது குடுத்தேனோ அதுவே. இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பணும். போ."

வாசலைத் தாண்டும்போது டைப் அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏம்மா, இது எப்ப இறங்கும்?"

"ஒரு டீ குடிச்சா இறங்கிடும் அக்கா."

"அவசரமில்ல. சும்மா கேட்டேன்."

வண்டியில் பாதிக்குமேல் ஆள் ஏறியிருந்தது. முன்சீட்டில் ஒருவர் பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொல்லி அவளைக் காட்டினார். அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், என்ஜினைப் போட்டாள். அப்போது ஹாரன் டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னையும் மாட்டி விட்டுட்டியே."

"நான் எங்கண்ணே மாட்டி விட்டேன்? பாலத்தை ஏறி இறங்கினது நீங்க."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லம்மா நான்."

"எனக்கு மூணாவது நாளே கிடைச்சுடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே தேதி."

அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் குரலை உயர்த்தினார். பின்சீட்டு வரைக்கும் கேட்டது.

"சரி சரி, எடு வண்டியை! டைமாகுது! பேசிட்டே இருந்தா எப்படி?"

"நீங்க இறங்கினாத்தான் எடுக்க முடியும்."

ஹாரன் குனிந்து தன் காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். இறங்கினார். அவள் கதவை இழுத்துச் சாத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள்.